இரண்டு அங்குல வெளிச்சம்

ட்ராய் தன் வண்டியின் மூக்கைத் தூக்கிய சனிக்கிழமை, நான் அவன் அப்பன் வெர்லினின் கொட்டகையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். இரவல் வாங்கிய ரசமட்டத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவன். ஆலோசனை சொல்ல ஆளில்லாமல் அப்பனும் மகனும் திண்டாடுவதைப் பார்த்து மனசு கேட்காமல் தங்கிவிட்டேன். பிப்ரவரி மாதம். வடக்கு டகோட்டாவில் பிப்ரவரி என்றால் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மூலையில் எரிந்த எண்ணெய் அடுப்பு தன் குளிரைப் போக்கிக்கொள்ளவே போதாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. வெறுங்கையால் ஸ்பேனரைத் தொட்டால் தோல் அதிலேயே தங்கிவிடும். ட்ராயின் பெரிய ஸ்பேனர் ஒன்றில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது. நான் செத்தபிறகு யாருக்காவது என் கைநாட்டு தேவைப்பட்டால் அதை மையில் தொட்டு ஒற்றிக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் பிக்கப் வண்டி இல்லாத வீடு கிடையாது. பாதிரியாரே ஒன்று வைத்திருக்கிறார். அந்த வண்டிகள் எல்லாமே கம்பெனியிலிருந்து வரும்போது முன்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்து, பின்பக்கம் எழும்பித்தான் வரும். பின்னாலிருக்கும் தொட்டியில் பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி வண்டி சமமாகிவிடும் என்பது கணக்கு. வெர்லின் ஸ்டோர்லிக்கு அந்தக் கணக்கு பைபிளில் வருவது மாதிரி. அவன் மகன் ட்ராய்க்கு அது அவமானம். சிவப்பு வண்டி, வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை, அதை எங்கே நிறுத்தினாலும் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறதுபோலக் குனிந்து நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"பாரத்துக்காக அப்படி வச்சிருக்கான்டா," என்றான் வெர்லின். "பாரம் ஏத்துனா தானா நிமிரும்."

"எந்நேரமுமா பாரம் இருக்கப்போவுது? மிச்ச நேரமெல்லாம் புல்லு மேயற மாடு மாதிரி நிக்குதுப்பா."

இதைச் சொன்னபோது ட்ராய் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். அவன் பூட்ஸுகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. வெர்லின் அந்தப் பூட்ஸுகளைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். அவர்கள் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. ட்ராயின் அம்மா பல வருஷங்களுக்கு முன்பே பிஸ்மார்க் நகரத்துக்குப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. விதை, உரம், டிராக்டர், வானிலை என்று எதை எடுத்தாலும் சண்டை. ஒரு முறை நல்ல மழை பெய்ததற்குக்கூட யார் காரணம் என்று சண்டை போட்டதாக நான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அது முழுப்பொய் இல்லை.

ஆனால் அன்றைக்குச் சண்டை இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கிக் கட்டைகளில் வண்டியை உட்காரவைத்து, முன்சக்கரங்களைக் கழற்றினார்கள். ஷாக் அப்சார்பரையும் அதைச் சுற்றியிருக்கிற ஸ்பிரிங்கையும் ஒரே உருளையாக உருவி எடுத்து, அதன் தலையில் ரொட்டி அளவுக்கு ஒரு அலுமினிய வட்டை வைத்து முடுக்கி, மறுபடி அதன் இடத்தில் செருக வேண்டும். வேலை அவ்வளவுதான். செருகுவதுதான் கஷ்டம். வட்டு ஏறியதால் உருளை நீண்டுவிடும், இடமோ பழைய அளவு. வெர்லின் ஒரு கடப்பாறையைச் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையில் கொடுத்துத் தன் முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டான். மகன் துளையைத் துளையோடு சேர்த்து போல்ட்டைத் தள்ளினான். "இன்னும் கொஞ்சம்ப்பா... இன்னும் கொஞ்சம்... அங்கயே நில்லு," என்றான். வெர்லின் அங்கேயே நின்றான். மூச்சு வெள்ளையாக வந்தது. மகன் சொன்ன இடத்தில் அப்பன் நின்றதை நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து சக்கரம் மாட்டி இறக்கியதும், நான் கொண்டுபோன ரசமட்டத்தை வெர்லின் வாங்கி, கதவுக்கு அடியில் ஓடும் விளிம்பில் வைத்தான். குமிழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்விட்டுச் சரியாக நடுவில் வந்து நின்றது. இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்தார்கள். ஒரே குமிழியை இரண்டு பேர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. நான் வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு வேலை பாக்கி. முன்பக்கத்தைத் தூக்கினால் விளக்குகளும் கூடவே அண்ணாந்துவிடும். வண்டியில் இரண்டு அங்குலம்தான். ஆனால் கால் மைல் தள்ளி எதிரே வருகிறவனுக்கு அது மூன்று ஆள் உயரம். விளக்குக்குப் பின்னாலிருக்கும் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி வெளிச்சத்தை இறக்க வேண்டும். ட்ராய் அளந்து, கொட்டகையின் வெளிச்சுவரில் இரண்டு நீலப் பட்டைகளை ஒட்டினான். வெளிச்சம் விழ வேண்டிய இடம் அது. வண்டியை அதற்கு நேராகப் பின்னால் தள்ளி நிறுத்திச் சரிபார்க்கச் சமதரை வேண்டும். சமதரைமேல் இடுப்பளவு பனி கிடந்தது. "பனி உருகட்டும்ப்பா, பாத்துக்கலாம்," என்றான்.

பனி உருகுவதற்கு முன்பே ட்ராய் போய்விட்டான். மார்ச்சில், தகரக் குதிரில் ஈரத்தால் கட்டிப்போயிருந்த மக்காச்சோளத்தைக் குத்திவிட உள்ளே இறங்கினான். மேலே ஓடுபோல நின்றிருந்த கட்டி உடைந்து, அடியிலிருந்த சோளம் அவனை இழுத்துக்கொண்டது. வெர்லின் மெஷின் பெல்ட் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். நாங்கள் எல்லோரும் ரம்பத்தோடு ஓடினோம். குதிரின் தகரத்தைச் சுற்றிலும் முக்கோணம் முக்கோணமாக அறுத்தோம். சோளம் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது, எங்கள் முழங்கால்வரை வந்தது. கடைசியாகத்தான் அவன் வந்தான். வாய் நிறைய சோளம் இருந்தது. இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அந்தச் சோளத்தை வெர்லின் விற்கவில்லை. மாட்டுக்கும் போடவில்லை. கொட்டிய இடத்திலேயே தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான். தன் பழைய வண்டியையும் மூடிப் போட்டுவிட்டு ட்ராயின் சிவப்பு வண்டியை ஓட்ட ஆரம்பித்தான்.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஒரு பழக்கம் உண்டு. எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவோம். கையைத் தூக்கினால் அதிகப்பிரசங்கி, தூக்காவிட்டால் வெளியூர்க்காரன். சவ ஊர்வலம் எதிரே வந்தால் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி, அது கடந்துபோகும்வரை காத்திருப்போம். இருட்டில் விரல் தெரியாது என்பதால் இருட்டுக்கு மரியாதை எதுவும் கிடையாது. இதெல்லாம் எங்கும் எழுதி வைத்ததில்லை. வெர்லின் இதில் தானாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஒரு காலை, நாங்கள் தினமும் கூடும் தானியக் கிடங்கின் காப்பி மேசைக்கு வந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் குவளையைக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு, அந்தி நேரத்தில் ட்ராயின் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள் என்று சொன்னான். முதலில் அவனுக்குப் புரியவில்லையாம். அப்புறம்தான் புரிந்ததாம்.

"வண்டியப் பாத்ததும் அவன் ஞாபகம் வந்துடுது போல," என்றான். "ஒருத்தர் விடாம விளக்கடிக்கறாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்கூட. இவ்ளோ பேருக்கு அவனத் தெரியும்னு எனக்குத் தெரியாது."

மேசையைச் சுற்றி ஆறேழு பேர் இருந்தோம். எல்லோரும் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள்தான். அந்த வண்டி எதிரே வந்தபோது கண் கூசி, கெட்ட வார்த்தை சொல்லி, விளக்கை இறக்கடா என்று அடித்துக் காட்டியவர்கள்தான். கிடங்கு மேலாளர் ட்வேன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். நான், ட்ராயை எல்லோருக்கும் தெரியும் என்றேன். அதுவும் ஒரு வகையில் நிஜம்தான்.

அன்றிலிருந்து அவன் முன் நிஜத்தைச் சொல்ல ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நாற்பது வருஷமாக இந்த ஊரில் பொய் சொல்வதற்கென்று நான் ஒருவன்தான் இருந்தேன். நான் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் கேட்பார்கள். திடீரென்று வட்டாரமே எனக்குப் போட்டியாகக் கிளம்பிவிட்டது. பாதிரியார்கூட, "ஆமாம், நானும் அடித்தேன்" என்று சொன்னதாகக் கேள்வி.

கோடையில் எங்கள் ஊர் இருட்டப் பத்து மணி ஆகும். விளக்குக்கு வேலை இல்லை. வெர்லின் கோடை முழுக்க உள்ளொடுங்கிப் போனான். விதைத்தான், ஆனால் பாதி வயலைத்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தான். சொன்னால் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவான். செப்டம்பரில் பொழுது சுருங்க ஆரம்பித்ததும் அவன் நிமிர்ந்தான். சாயங்காலம் ஒரு வேலையும் இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைவரை போய்த் திரும்புவான். மறுநாள் காலை முகம் தெளிந்திருக்கும். நன்றாகச் சாப்பிட்டவன் மாதிரி இருப்பான்.

அவன் விளக்கைப் பற்றி நான் கதை கட்டினேன், அதை மறுக்க மாட்டேன். தெற்கே போகிற காட்டு வாத்துக் கூட்டம் ஒன்று அந்த வெளிச்சத்தைப் பார்த்து விடிந்துவிட்டதென்று நம்பி, வண்டிக்குப் பின்னாலேயே பறந்து ஸ்டோர்லியின் கொட்டகைக்கு முன்னால் இறங்கியது என்று சொன்னேன். வெர்லின் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, வெர்லின் உள்ளே வந்ததும் அவனுக்குக் காப்பி ஊற்றினார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் லவோன் வண்டியோடு சாலையோரப் பள்ளத்தில் விழுந்தாள். லவோன் எங்கள் தபால்காரி. பண்ணைக்குப் பண்ணை போய்ச் சாலையோரப் பெட்டிகளில் தபால் போடுகிறவள். வலதுபக்கப் பயணி இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இடதுகாலை நீட்டி மிதித்து, இடதுகையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலதுகையால் பெட்டி திறக்கிற வித்தைக்காரி. அன்றைக்கு வேலை முடிந்து இருட்டத் தொடங்கும் நேரம். ஸ்டோர்லியின் மேட்டில் அந்த வெளிச்சம் ஏறி வந்தது. அவள் விளக்கை அடித்தாள், மறுபடி அடித்தாள், விடாமல் அடித்தாள். வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. சாலை எந்தப் பக்கம் வளைந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அது வளையாத சாலை.

மருத்துவமனையில் நான் போய்ப் பார்த்தபோது இடதுதோளில் கட்டுப் போட்டிருந்தார்கள். வெர்லின்தான் ஓடிவந்து அவளைக் கண்ணாடி வழியாக இழுத்து வெளியே எடுத்தான் என்றாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினான். மேட்டின்மேல் நின்ற வண்டியின் வெளிச்சம் அவர்கள் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப என்ன சொன்னார்னு தெரியுமா, கிழவரே?" என்றாள் லவோன். "நீ விளக்கடிச்சதப் பாத்தேன்மா, ட்ராய் சார்பா நன்றின்னார். எனக்குத் தோள் தனியா தொங்குது. நான் என்னத்தச் சொல்றது?"

அவள் அவனிடம் மான் என்று சொன்னாள். மான் குறுக்கே வந்தது, திருப்பினேன் என்றாள். ஷெரிப்பிடமும் அதையே சொன்னாள். அவளே சொல்லிவிட்டபின் ஊரும் மான் என்றே சொன்னது. கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அடுத்த ஆள் சாவான். நீங்கதான் சொல்லணும். வேற யார் சொன்னாலும் அந்த மனுசன் நம்பிடுவார். உங்க வாயால வந்தா, ஒருவேள பொய்யா இருக்கும்னு பிடிச்சுக்க ஏதோ கொஞ்சமாவது மிஞ்சும்."

நான் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக என் சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூட்ரைவரைப் போட்டுக்கொண்டு, தேவாலயத்தில் நடந்த மீன் விருந்துக்குப் போனேன். எங்கள் முன்னோர்கள் நார்வேயிலிருந்து வந்தபோது கூடவே கொண்டுவந்த பழக்கம் அது. காய்ந்த மீனைச் சோப்புக்குப் போடுகிற காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, கூழாக்கி, வெண்ணெய் ஊற்றித் தின்பது. வருஷத்துக்கு ஒரு முறை தின்றால் மிச்ச நாளெல்லாம் நார்வேயை விட்டு வந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லத் தோன்றும். அடித்தளக் கூடத்தில் முழு ஊரும் உட்கார்ந்திருந்தது. வெர்லின் தட்டோடு வரிசையில் நின்றான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மீன் விருந்தில் அதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

சிவப்பு வண்டி தேவாலயத்தின் பின்சுவரைப் பார்த்து நின்றது. எங்கள் ஊரில் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவோம். விளக்கைப் போட்டேன். வெளிச்சம் சுவரில் விழாமல் அதற்குமேல், கண்ணாடியில் வரைந்திருந்த நல்ல மேய்ப்பரின் முகத்தில் விழுந்தது. வண்டியின் முன்மூடியைத் திறந்து, ஸ்க்ரூவைத் துழாவித் திருப்பினேன். வெளிச்சம் மேய்ப்பரின் முகத்திலிருந்து மார்புக்கு இறங்கி, ஆட்டுக்குட்டிக்கு இறங்கி, சுவருக்கு வந்து, செடிகளில் நின்றது. மறுபக்கமும் அதேபோல. விரல் மரத்துப்போய், எதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மூடியை மூடிவிட்டு உள்ளே போய் இன்னொரு தட்டு மீன் வாங்கிக்கொண்டேன். தண்டனை என்று நினைத்துத் தின்றேன்.

அடுத்த நாளிலிருந்து எதிரே வந்தவர்கள் நிம்மதியாகக் கடந்து போனார்கள். ஒருவரும் விளக்கடிக்கவில்லை. அடிக்கக் காரணம் இல்லை. முதல் சில நாள் வெர்லின் வழக்கம்போல நெடுஞ்சாலைவரை போய்வந்தான். பிறகு ஒரு காலை, "மறந்துட்டாங்க," என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ட்வேன், வேலைக் காலம், எல்லோரும் அறுவடையில் இருக்கிறார்கள் என்று ஏதோ சொன்னான். வெர்லின் தலையாட்டினான். அந்த வாரம் அவன் காப்பிக்கு வருவது குறைந்தது. சாயங்காலம் வண்டியை மட்டும் இன்னும் அதிக தூரம் ஓட்டினான். மாவட்ட எல்லைவரை போய்வருகிறான் என்றார்கள். ட்ராயைத் தெரிந்த யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடுகிறவன் மாதிரி.

இதெல்லாம் தெரிந்தபோது நானும் ட்வேனும் பேசிக்கொண்டோம். எல்லோரும் வேண்டுமென்றே விளக்கடித்தால் என்ன என்று. நல்ல யோசனைதான். ஆனால் வெளிச்சம் இறங்கியபின் இருட்டில் அவன் வண்டி எது, மற்றவர் வண்டி எது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லா வண்டியும் ஒரே மாதிரி இரண்டு விளக்கு. நாங்கள் யார் யாருக்கோ அடித்தோம். உரம் ஏற்றி வந்த லாரிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி இறங்கிவந்து, என்னய்யா வேணும் உனக்கு என்று கேட்டான்.

அக்டோபர் முடியும் சமயம் வெர்லின் என் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் வந்து, தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான். கோட்டுப் பையிலிருந்து என் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து மேசைமேல் வைத்தான். மஞ்சள் கைப்பிடி, அதில் சூட்டுக்கோலால் என் பேரின் முதல் எழுத்தைப் பொறித்திருந்தேன். காப்பி மேசைக்காரர்கள் இரவல் வாங்கினால் திருப்பித் தருவதில்லை என்பதற்காக.

"பேட்டரி மேல இருந்துது," என்றான்.

"என்னோடது மாதிரிதான் இருக்கு," என்றேன்.

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கொட்டகைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, விளக்கை அணைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பானாம். ட்ராய் ஒட்டிய நீலப் பட்டைக்கு ஒரு முழம் மேலே வெளிச்சம் விழும். அந்த வேலையைப் பையன் பாக்கி வைத்துவிட்டுப் போனான், அது பாக்கியாகவே இருக்கட்டும் என்று அவன் தொடவில்லை. மீன் விருந்தன்று வீட்டுக்கு வந்து நிறுத்தினால் வெளிச்சம் பட்டைக்கு ஒரு சாண் கீழே விழுந்ததாம்.

"அன்னிலேர்ந்துதான் ஒருத்தனும் அடிக்கல," என்றான்.

நான் அடுப்பைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"ஆர்டன். லவோன் விழுந்தது மானாலயா?"

என் பேரைச் சொல்லி அவன் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். வட்டாரமே அவனுக்குச் சொன்ன பொய்யில் என் பங்கு இதுவரை சின்னதுதான். ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். ஆனால் எனக்கு ஒரு வார்த்தையில் பொய் சொல்லி வழக்கமில்லை.

"மான்தான்யா. பெரிய கடா. கொம்புல ஆறு கிளை. அவளே ஆஸ்பத்திரியில சொன்னா, கொம்பு ரெண்டும் கண்ணாடி வழியா உள்ள வந்துச்சாம்."

வெர்லின் மேசைமேலிருந்த ஸ்க்ரூட்ரைவரை ஒரு விரலால் உருட்டினான். அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"எங்கிட்ட பொட்டைன்னு சொன்னா," என்றான். "சின்னது. கொம்பில்லாதது."

சமையலறைக் கடிகாரம் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. அன்றைக்கு அது ஓடிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கேட்பதற்கு ஏதாவது இருந்திருக்கும். அவன் லவோனின் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டான். கை முழுசாக மேலே தூக்க வராது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அது பொய்யில்லை என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்தது. எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பாமலே கேட்டான்.

"ஒருத்தராவது? நெசமாவே அவனுக்காக, ஒருத்தராவது அடிச்சாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது. எதைச் சொல்லியிருந்தாலும் சொன்னவன் நான்தானே.

லவோன் வீட்டு வாசலில் யாரோ விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். குளிர்காலம் முழுமைக்கும் போதுமான விறகு. யார் என்று அவள் கேட்கவில்லை.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. பனி விழுந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் பிக்கப்பின் பின்தொட்டியில் எடை ஏற்றுவோம். இல்லாவிட்டால் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். மணல் மூட்டை, கான்கிரீட் கட்டை, உடைந்த டிராக்டர் சாமான், எது கிடைக்கிறதோ அது. அந்த வாரம் வெர்லின் ரொம்ப நாளைக்குப் பிறகு காப்பி மேசைக்கு வந்தான். சட்டைப் பொத்தான்கள் சரியாக இருந்தன. அவன் வண்டியை நிறுத்தியிருந்த விதத்தை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம். பின்பக்கம் தரையைத் தொடுகிறதுபோல அமுங்கியிருந்தது. முன்பக்கம் எழும்பி, மூக்கு வானத்தைப் பார்த்தது. தொட்டி நிறைய மக்காச்சோளம், தார்ப்பாய்கூட இல்லாமல். மேல்பகுதி முளைவிட்டுக் கறுத்திருந்தது. கதவு திறந்தபோது அந்தப் புளித்த வாடை உள்ளே வந்தது. அது எந்தச் சோளம் என்று அங்கே யாரும் கேட்கத் தேவையில்லை. எங்கள் முழங்கால்வரை வந்து நின்ற சோளம்தான்.

ட்வேன் மெதுவாக, பாரம் கொஞ்சம் அதிகமோ என்றான்.

"பனிக்காலம் வந்துடுச்சுல்ல," என்றான் வெர்லின். "நீங்க மணல் போடறீங்க. எங்கிட்ட இதான் இருக்கு."

காப்பியைக் குடித்து முடித்துக் குவளையைக் கவிழ்த்து வைத்தான். கிளம்பும்போது என் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனான். ஸ்க்ரூவை அவன் மறுபடி தொடவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன், என் சத்தியத்துக்கு என்ன மதிப்போ அவ்வளவுக்கு. தொட வேண்டிய அவசியமும் இல்லை, பின்னாலிருந்த பாரமே விளக்கைத் தூக்கிவிட்டது.

போன வியாழக்கிழமை டவுனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுது அடைகிற நேரம், சாலையின் இரண்டு பக்கமும் பனி நீலமாகிக்கொண்டிருந்தது. ஸ்டோர்லியின் மேட்டுக்கு அந்தப் பக்கத்தில் முதலில் வானம் வெளுத்தது. பிறகு அந்த வெளிச்சம் ஏறி வந்தது. என் கண்ணாடி முழுவதும் வெள்ளை. கோடு மறைந்தது, ஓரம் மறைந்தது, என் கையே எனக்குத் தெரியவில்லை.

விளக்கை அடிக்கிற குச்சியில் விரல் இருந்தது. அடித்தால், கண் கூசுகிறது, இறக்கு என்று சொன்னதாக ஆகும். அதற்கு அதுதான் அர்த்தம் என்று இப்போது அவனுக்குத் தெரியும். அடிக்காவிட்டால், நானும் மறந்துவிட்டதாக ஆகும். என்ன செய்வதென்று தெரியாமல், சவ ஊர்வலத்துக்குச் செய்வதுபோல வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினேன்.

வெளிச்சம் கடந்துபோகவில்லை. அதுவும் வேகம் குறைந்து, குறைந்து, எதிர்ப்பக்கத்தில் நின்றது. எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு சத்தமும் வந்தது. முதலில் காற்று என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். சிறகுகள். தொட்டியின் விளிம்பிலிருந்து வழி நெடுகச் சிந்திய சோளத்தைத் தொடர்ந்து வந்த காட்டு வாத்துகள், ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தன. இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அவை கத்தவில்லை. இருட்டில் சோளத்தைப் பொறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் காத்துக்கொண்டிருந்தான். என் விரல் குச்சியின்மேல் இருந்தது.